பியாங்சாங் 2018: காவல் பணியாளர் விடுதியில் தொடங்கிய நோரோவைரஸ் தொற்று – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் கொரியாவின் காங்வொன் மாகாணத்தில் உள்ள மலை மாவட்டம் பியாங்சாங். மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 2018 பிப்ரவரி 9 முதல் 25 வரை அங்கே குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. 92 அணிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,900 வீரர்கள் வந்தார்கள். பனிச்சறுக்குப் போட்டிகள் மலையிலும், பனித்தரைப் போட்டிகள் கடலோர நகரமான கங்னுங்கிலும் நடந்தன.

வீரர்களுக்கென்று புதிதாகக் கட்டிய குடியிருப்புகள் இருந்தன. அவர்களைச் சுற்றி வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, அதாவது நுழைவாயிலில் பை சோதிப்பவர், பேருந்து ஓட்டுபவர், சமைப்பவர், துப்புரவு செய்பவர், தன்னார்வலர் ஆகியோருக்கு, அக்கம்பக்கத்து ஊர்களில் கிடைத்த இடங்களில் தங்க ஏற்பாடு நடந்தது. தனியார் நிறுவனம் வழியாக வந்த காவல் பணியாளர்களில் பெரும்பகுதியினர் ஓர் இளைஞர் பயிற்சி முகாமின் விடுதியில் தங்கினார்கள். அந்த முகாமின் சமையலுக்கு நிலத்தடி நீர்தான் பயன்பட்டது. இந்த ஆய்வின் மையம் அந்தத் தண்ணீர்தான்.

கொரியச் சுகாதாரத் துறை ஏமாந்த துறை இல்லை. 2015இல் மெர்ஸ் என்ற சுவாச நோய் பரவி 186 பேரைத் தொற்றி 38 உயிர்களைப் பறித்த அனுபவம் அவர்களுக்குப் பசுமையாக இருந்தது. அதன்பின் கண்காணிப்பும் ஆய்வகங்களும் வலுப்பட்டன. ஆனால் விமான நிலையம் வழியாக வரக்கூடிய நோயை எதிர்பார்ப்பது ஒன்று, குழாய் வழியாக வரக்கூடியதை எதிர்பார்ப்பது வேறொன்று. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் குளிர்காலத்தில் ஏறுவது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பச்சைச் சிப்பியும், கொதிக்க வைக்காத நிலத்தடி நீரும் அங்கே ஏற்கெனவே பலமுறை சந்தேகத்துக்கு உள்ளானவை.

பிப்ரவரி 4, ஞாயிறு

தொடக்க விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த விடுதியில் தங்கியிருந்த 41 காவல் பணியாளர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருப்பதாகச் சொன்னார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். நோரோவைரஸ் உடலுக்குள் போய் அறிகுறி தெரிய 12 முதல் 48 மணி நேரம் ஆகும். ஞாயிறன்று வாந்தி என்றால் வெள்ளி இரவிலிருந்து சனி இரவு வரை அவர்கள் சாப்பிட்டதிலும் குடித்ததிலும்தான் தேட வேண்டும். அதோடு, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியிருந்தால் முதல் நாள் இரண்டு பேர், மறுநாள் ஐந்து பேர், அதன்பின் பத்துப் பேர் என்று ஏறும். நாற்பது பேர் ஒரே வீச்சில் விழுந்தால் அவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்ட ஏதோ ஒன்று காரணம் என்றுதான் முதலில் எண்ண வேண்டும். அது ஒரு சமையலறையாக இருக்கலாம், ஒரு தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம். ஆய்வக முடிவு கையில் வருமுன்பே இந்த அளவுக்குச் சொல்லிவிட முடியும். களத்தில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை அன்றைக்கே போட வேண்டும்.

இந்த வைரஸின் குணம் தெரிந்தால்தான் அடுத்து எடுத்த முடிவு புரியும். பத்து இருபது வைரஸ் துகள் வயிற்றுக்குள் போனாலே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். நோயாளியின் ஒரு கிராம் மலத்திலோ அவை கோடிக்கணக்கில் இருக்கும். வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் சிதறிச் சுற்றியுள்ள மேசை, கதவுப்பிடி, படுக்கை எல்லாவற்றிலும் படியும். உறைபனியில் அது சாகாது. 60 பாகை சூட்டையும் ஓரளவு தாங்கும். கொழுப்புறை இல்லாத வைரஸ் என்பதால் ஆல்கஹால் சானிடைசர் அதன்மேல் சரியாக வேலை செய்யாது. தடுப்பூசி கிடையாது, குறிப்பான மருந்தும் கிடையாது. பெரும்பாலோர் மூன்று நாளுக்குள் எழுந்துவிடுவார்கள் என்றாலும், எழுந்தபின் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

1,200 பேரை விலக்கிய முடிவு

மறுநாள் பிப்ரவரி 5 அன்று ஏற்பாட்டுக் குழு ஏறத்தாழ 1,200 காவல் பணியாளர்களைப் பணியிலிருந்து விலக்கி அறைகளிலேயே இருக்கச் சொன்னது. நோய் இருந்தவர் 41 பேர். விலக்கப்பட்டவர் அதைப்போல முப்பது மடங்கு. அவர்கள் செய்துவந்த வேலைக்கு 900 ராணுவத்தினர் 20 இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பை சோதனை, நுழைவுச் சோதனை, ரோந்து எல்லாம் அவர்கள் கைக்குப் போனது.

தொடக்க விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் பாதுகாப்பு வளையத்தின் ஒரு பெரும் பகுதியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவது சாதாரணக் காரியம் இல்லை. உலகமே கேமராவோடு வந்து இறங்கியிருக்கும் நேரம். 41 பேரை மட்டும் படுக்க வைத்துவிட்டு மற்றவர்களை வேலைக்கு அனுப்பியிருந்தால் செய்தி இவ்வளவு பெரிதாகியிருக்காது. அப்படிச் செய்யாததுதான் இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு.

காரணம் எளிது. 1,200 பேரும் ஒரே இடத்து உணவும் நீரும் உண்டவர்களாகவோ, உண்டவர்களோடு பழகியவர்களாகவோ இருக்கலாம். அவர்களில் யார் இன்னும் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கப் போகிறார் என்று அந்த நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. காவல் பணியாளரின் வேலையோ கைவேலை: ஒரு பார்வையாளரின் பையைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்த்து, மூடிக் கொடுத்துவிட்டு அடுத்த பைக்குப் போவார். உள்ளே அரங்கில் அந்தப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். மைதானம் முழுவதற்கும் நோயைப் பரப்பத் திட்டமிட்டாலும் இதைவிடப் பொருத்தமான இடத்தில் ஆளை நிறுத்த முடியாது.

இந்த முடிவில் ஒரு பலவீனமும் உண்டு. சந்தேகத்துக்குரிய விடுதியிலேயே ஆட்களை அறைக்குள் இருக்கச் சொல்லும்போது, நோயின் மூலம் அந்தக் கட்டடத்திலேயே இருந்தால் பிரிப்பதால் பாதிப் பயன்தான். அப்படிப்பட்ட நிலையில் குடிநீர், சமையல் நீர், தயாரான உணவு மூன்றும் வெளியிலிருந்து வர வேண்டும், அதுவும் உடனே. சோதனை முடிவு வரட்டும் என்று ஒரு வேளை காத்திருந்தாலும் அந்த வேளை உணவு அடுத்த நோயாளிகளை உண்டாக்கிவிடும்.

அடைக்கப்படுபவர்கள் யார் என்பதையும் மறக்கக் கூடாது. குளிரில் நின்று தினக்கூலி போலச் சம்பளம் வாங்குபவர்கள் வேலை போய்விடும் என்ற பயத்தில் வயிற்றுப்போக்கை மறைப்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் சம்பளம் பிடிக்கப்படாது என்ற உறுதியை முதல் நாளே கொடுக்கிற இடத்தில்தான் ஞாயிறன்று 41 பேர் வாய் திறப்பார்கள். கொடுக்காத இடத்தில் அது செவ்வாய்க்கிழமை 150 பேராக வெளிவரும்.

எண்ணிக்கை ஏறிய நாட்கள்

பிப்ரவரி 6 அன்று ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 32 பேர். மறுநாள் 86. பிப்ரவரி 8 அன்று 128. தொடக்க விழா நடந்த பின்னும் புதிய நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். பிப்ரவரி 16 வாக்கில் 260ஐத் தாண்டியது. கடைசியில் 324 பேர் என்று கணக்கு முடிந்தது.

இந்த ஏற்றத்தைப் பார்த்துச் செய்தித்தாள்கள் நோய் கட்டுக்கு மீறிப் போகிறது என்று எழுதின. அந்த முடிவுக்கு வருமுன் எண்கள் எப்படி உண்டாகின்றன என்று பார்க்க வேண்டும். விலக்கப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களிடம் மலமாதிரி எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்தார்கள். தேடத் தேடக் கிடைக்கும். முதல் மூன்று நாளின் ஏற்றத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே தொற்றியிருந்தவர்களைக் கண்டுபிடித்ததால் வந்தது என்றே நான் வாசிக்கிறேன். கவலைப்பட வேண்டிய எண் வேறு: அந்த விடுதியோடு தொடர்பே இல்லாத நோயாளிகள் எத்தனை பேர் என்பது. கங்னுங் பகுதியிலும் நோயாளிகள் தென்பட்டபோதுதான் நிலைமை உண்மையிலேயே கனத்தது. தினசரி அறிக்கையில் மொத்த எண்ணோடு இந்த எண்ணையும் தனியாகப் பிரித்துச் சொல்லியிருந்தால் பதற்றம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இதற்கிடையே கைகழுவும் அறிவுரைகள், சானிடைசர் வழங்கல், கிருமிநீக்கம் எல்லாம் நடந்தன. அரங்குகளில் சானிடைசர் வைப்பது எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியும் நடவடிக்கை. செய்கிறோம் என்று காட்ட அது உதவும். நோரோவைரஸுக்கு வேண்டியது சோப்பும் ஓடும் நீரும். உறைபனிக் குளிரில், வெளியே நிற்கும் பணியாளர் இருபது விநாடி சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்றால் வெந்நீர் வரும் குழாய் அவர் நிற்கும் இடத்துக்கு அருகே இருக்க வேண்டும். சுவரொட்டி ஒட்டுவதை எல்லா இடத்திலும் செய்துவிடுகிறார்கள், குழாய் போடுவதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீரைத் தேடிப் போனது

கொரிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் உணவு, நீர், பணியாளர் மூன்றையும் விசாரித்தது. முகாமில் சமையலுக்குப் பயன்பட்ட நிலத்தடி நீர் மலத்தால் மாசுபட்டிருந்ததும், குளோரின் போட்டுக் கிருமிநீக்கம் செய்வது சரியாக நடக்காததும்தான் காரணமாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது.

இது எப்படி நேரும்? இளைஞர் பயிற்சி முகாம் என்பது கூட்டம் வந்து போகும் இடம். அங்கே ஒரு பெரிய கூட்டம் வாரக்கணக்கில் தங்கினால் கிணற்றிலிருந்து இறைக்கும் நீரும் கூடும், கழிவுத்தொட்டிக்குப் போகும் கழிவும் கூடும். இறைப்பு கூடும்போது சுற்றுப்புறத்து நீர் வேகமாகக் கிணற்றை நோக்கி இழுபடும். மலைப்பகுதியில் மண்படலம் மெலிதாக, பாறையில் வெடிப்புகளோடு இருந்தால், கழிவுநீர் வடிகட்டப்படாமலே வந்து கலக்க வாய்ப்புண்டு. குளோரின் அளவையும் பழைய பயன்பாட்டுக்கே வைத்திருந்தால், கூடிய நீருக்கும் கூடிய அழுக்குக்கும் அது போதாது. இந்த முகாமில் இவற்றில் எது எந்த அளவுக்கு நடந்தது என்பதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கிணற்று நீரை நம்பி இருக்கும் எந்த விடுதியிலும் திடீர்க் கூட்டம் இந்த வழியில்தான் ஆபத்தைக் கொண்டுவரும்.

தண்ணீர்ச் சோதனையில் ஒரு பொறி உண்டு. வழக்கமான சோதனை ஈ.கோலை பாக்டீரியாவைத் தேடுகிறது. ஈ.கோலை இருந்தால் மலம் கலந்தது உறுதி. இல்லாவிட்டால் வைரஸ் இல்லை என்று சொல்ல முடியாது. நோரோவைரஸ் பாக்டீரியாவைவிட மிகச் சிறியது, மண்ணில் எளிதாக ஊடுருவும், குளிர்ந்த நிலத்தடி நீரில் நீண்ட நாள் தாங்கும், குளோரினையும் ஈ.கோலையைவிடத் தாங்கும். ஆகவே “சோதனையில் தேறியது” என்ற சான்றிதழ் ஒன்றை மட்டும் நம்பி ஆயிரம் பேரைக் குடியேற்றக் கூடாது. கிணற்றுக்கும் கழிவுத்தொட்டிக்கும் இடையே எத்தனை அடி, எது மேட்டில் எது பள்ளத்தில் என்று ஒருவர் நடந்து பார்க்க வேண்டும்.

குழாய் நீரில் மீந்திருக்கும் குளோரினைப் பார்ப்பது அதைவிட எளிது. நம் ஊர்ச் சுகாதார ஆய்வாளர்கள் பையில் எடுத்துப் போகும் குளோரோஸ்கோப் போதும்: குழாயைச் சிறிது நேரம் திறந்து விட்டு, சிறு குப்பியில் நீர் பிடித்து, சில சொட்டு ஆர்த்தோடாலிடின் விட்டால் மஞ்சள் நிறம் ஏறும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. குளோரின் கலந்து குறைந்தது 30 நிமிடம் கழிந்தபின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதமிருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தொட்டியில் பார்த்தால் போதாது. சமையலறைக் குழாயில், அதுவும் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும்.

வீரர்களிடம் வந்தபோது

பிப்ரவரி 16 அன்று, போட்டிகள் பாதி நடந்திருந்தபோது, சுவிட்சர்லாந்து அணியின் பனிச்சறுக்கு வீரர்கள் இருவருக்கு நோரோவைரஸ் உறுதியானது. வீரர்களிடையே முதலில் தெரியவந்தவர்கள் இவர்கள். இருவரும் வீரர் குடியிருப்புக்கு வெளியே தங்கியிருந்தவர்கள். அணி அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனி அறைகளில் வைத்தது. அறிகுறிகள் சீக்கிரமே நின்றன. போட்டியிடத் தடை இல்லை என்று அணி அறிவித்தது.

நோயின் பொருட்டு எந்தப் போட்டியும் ரத்தாகாமல் குளிர்கால ஒலிம்பிக் பிப்ரவரி 25 அன்று முடிந்தது. வீரர்களிடையே பெரும் பரவல் இல்லை. அந்த அளவில் கட்டுப்பாடு வென்றது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் 324 பேர் நோயுற்றார்கள். அவர்களில் மிகப்பெரும்பாலோர் பதக்கப் பட்டியலில் பெயரே வராதவர்கள். அவர்களின் நோயை “வீரர்களைப் பாதிக்கவில்லை” என்ற வரியோடு முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லண்டனில் ஆறு மாதம் முன்பு நடந்தது

ஒப்பிட ஒரு நிகழ்வு. 2017 ஆகஸ்டில் லண்டனில் நடந்த உலகத் தடகளப் போட்டியின்போது அணிகள் தங்கியிருந்த ஒரு ஹோட்டலில் நோரோவைரஸ் பரவியது. பலர் நோயுற்றார்கள். போட்ஸ்வானாவின் முன்னணி ஓட்டவீரர் ஒருவர் வாந்தி எடுத்ததால் 48 மணி நேரம் பிரித்து வைக்கப்பட்டார். 200 மீட்டர் முதல் சுற்றைத் தவறவிட்டார். மறுநாள் 400 மீட்டர் இறுதிக்காக மைதானத்துக்கு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கெடு முடிந்ததும் மழையில் தனியாளாக 200 மீட்டர் ஓடித் தகுதி நேரத்தை எட்டி அரையிறுதிக்குப் போனார்.

48 மணி நேர விதி மருத்துவப்படி நியாயமானது. கோளாறு இருந்தது சொன்ன விதத்தில். எந்த அறிகுறிக்கு எத்தனை மணி நேரம், அது எப்போதிலிருந்து எண்ணப்படும், தவறிய போட்டிக்கு மாற்று உண்டா என்பதெல்லாம் போட்டி தொடங்குமுன் எழுத்தில் எல்லா அணிக்கும் போயிருந்தால் வாசலில் அந்த வாக்குவாதமே வந்திருக்காது. பியாங்சாங்கில் காவலர்கள், லண்டனில் நட்சத்திர வீரர். இருவருக்கும் தேவைப்பட்டது ஒன்றே: பிரித்து வைக்கும்போது முன்பே அறிந்த விதியும், இழப்புக்கு ஈடும்.

மறுபடி செய்தால் எதை மாற்ற வேண்டும்

முதலாவது, நோய்த்தடுப்புத் திட்டத்தின் வரைபடத்தில் யார் எங்கே தூங்குகிறார், எங்கே சாப்பிடுகிறார் என்பது இருக்க வேண்டும். அரங்கும் வீரர் குடியிருப்பும் மட்டும் உள்ள வரைபடம் அரைகுறை. ஒப்பந்தப் பணியாளர் விடுதிகளை ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார் என்று விடும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. அந்த விடுதிகளின் முகவரிப் பட்டியல் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கிணற்று நீரை நம்பிய விடுதிகளில் ஆட்கள் குடியேறுவதற்கு மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே முழு எண்ணிக்கைக்கு ஏற்றபடி நீரை இறைத்துச் சோதிக்க வேண்டும். காலியான விடுதியில் எடுத்த மாதிரி நிரம்பிய விடுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. குளோரின் பதிவேடு தினமும், சமையலறைக் குழாயில். ஒரு நாள் பதிவு விட்டுப்போனால் அன்றைக்குச் சமையல் நீர் லாரியில் வர வேண்டும். 2024இல் பாரிஸில் செய்ன் நதியின் நீரைத் தினமும் சோதித்து, தேறாத நாளில் ஆண்கள் டிரையத்லான் போட்டியையே ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். வீரர் நீந்தும் நீருக்குச் செய்ததைக் காவலர் குடிக்கும் நீருக்கும் செய்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது.

மூன்றாவது, வாந்தி சுத்தம் செய்யும் பெட்டி ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும். உள்ளே கையுறை, முகக்கவசம், உறிஞ்சும் தாள், கட்டிப் போட இரண்டு பை, பிளீச்சிங் பவுடர், அளவுக் கரண்டி. 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் என்றால் லிட்டருக்கு 3 கிராம் கரைத்தால் ஏறத்தாழ 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குளோரின் வரும், வாந்தி பட்ட இடத்துக்கு அதுதான் குறைந்த அளவு. முதலில் தாளால் மூடி அள்ளிவிட்டு, பிறகு கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் உடனே தேய்ப்பது வைரஸை அறை முழுக்கப் பரப்பும். இதைத் துப்புரவுப் பணியாளருக்கு ஒருமுறையாவது செய்து காட்ட வேண்டும், தாளில் கொடுத்தால் போதாது.

நான்காவது, சமைப்பவரும் பரிமாறுபவரும் அறிகுறி நின்றபின் குறைந்தது 48 மணி நேரம் சமையலறைக்குள் வரக் கூடாது. அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் உண்டு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாற்று ஆட்களின் பட்டியலும் தயாராக இருக்க வேண்டும். பியாங்சாங்கில் 900 ராணுவத்தினர் கிடைத்தார்கள், எல்லா நாட்டிலும் எல்லாப் போட்டிக்கும் அது கிடைக்காது.

ஐந்தாவது, ஒரு விடுதியில் 24 மணி நேரத்துக்குள் மூன்று பேருக்கு மேல் வாந்தி பேதி என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண் விடுதிக் காப்பாளரின் மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். மூன்று என்ற எண் என் பரிந்துரை. இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அழைப்பு வந்த அன்றே மலமாதிரி எடுப்பதும், அந்த விடுதியின் குழாய் நீரைச் சமையலுக்கு நிறுத்துவதும் சேர்ந்து நடக்க வேண்டும். முடிவு வந்தபின் நிறுத்தலாம் என்று வைத்தால் அந்த ஒன்றிரண்டு நாளில் ஆறு வேளைச் சாப்பாடு முடிந்திருக்கும்.